ஞாயிற்றுக்கிழமை என்றார், சிரித்தார்கள்

நீக்கிலாஸ் அண்ணையின் பகிடிக்கு விலை பன்னிரண்டு டொலர். சிறுவருக்கு ஐந்து. முன்வரிசை இருபது, அது எனக்கு இலாபம், அவருக்கு நட்டம். இருபது கொடுத்து முன்னுக்கு இருப்பவர்கள் சங்கத் தலைவர்களும் வீடு விற்கிற ஏஜென்டுகளும். பின்னால் இருப்பவன் பார்க்கிறான் என்பதற்காகவே பல்லைக் காட்ட மாட்டார்கள். சிரிப்பெல்லாம் பன்னிரண்டு டொலர்ப் பக்கத்திலிருந்துதான் வரும். சிரிப்புக்கு விலை வைக்கலாமா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. அவர்கள் ஒருவரும் மண்டப வாடகை கட்டிப் பார்த்தவர்கள் அல்ல.

விலை வைத்தவன் நான். அஜின்கோர்ட்டில், ஷெப்பர்ட் வீதிப் பிளாசா ஒன்றில் எனக்கு ஒரு கடை. அரிசி, மிளகாய்த்தூள், வீடியோ கசற், ஊருக்குப் பேசுகிற போன் கார்ட். வருடத்தில் இரண்டு தரம் ஒரு பாடசாலை மண்டபத்தை எடுத்து நீக்கிலாஸ் அண்ணையை மேடையேற்றுவேன். சனம் அவரை நீக்கிலாஸ் என்று அழைத்ததில்லை. 'புறோக்கர் தம்பையா' என்றால்தான் தெரியும்.

அந்தத் தம்பையா சரக்கு அடுக்கும் எங்கள் கிட்டங்கியில் உருவானவர். நான் புகையிலை வியாபாரியின் மகன். யாழ்ப்பாணம் பெரியகடையில், எங்கள் இடத்தில், விலையை வாயால் பேசுவதில்லை. வாங்குபவரும் விற்பவரும் கைகளின் மேல் ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரல் என்றால் நூறு. பாதி விரல் ஐம்பது. முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. பத்து வயதில் நான் ஒரு சிப்பம் நல்ல புகையிலையைப் பார்த்து 'ஆ' என்று வாயைத் திறந்தேன். விற்றவன் அதைக் கண்டு விலையை ஏற்றினான். ஐயாவுக்கு இருநூறு ரூபா போனது. அன்று பின்னேரம் என் காதை முறுக்கிக்கொண்டு அவர் சொன்னது ஒன்றுதான். "பிடிச்சால் உள்ளுக்கை வைச்சிரு." ரொறொன்ரோக் குளிருக்கு இன்றைக்கும் அந்தக் காதுதான் முதலில் நோகும்.

எழுபத்திநாலில், பஸ் டிப்போவில் கிளாக்காக இருந்த நீக்கிலாஸ் அண்ணை எங்கள் கிட்டங்கிக்கு வந்து ஒரு கிழமை சும்மா நின்றார். வருமானவரிக்காரர் அனுப்பிய ஆள் என்று நினைத்து ஐயா தினமும் சோடா வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதம் ஒரு மேடையில் தம்பையா வந்து இறங்கினார். வேட்டி, கறுப்புக் கோட்டு, கக்கத்தில் குடை, தோளில் சால்வை. கல்யாணத் தரகர். பெண்ணின் தகப்பனுடைய கையைச் சால்வைக்குள் பிடித்துக்கொண்டு, வாயால் "எங்களுக்கு ஒண்டும் வேண்டாம், பிள்ளை சந்தோசமா இருந்தால் காணும்" என்பார். சால்வைக்குள் விரல் ஒவ்வொன்றாக மடங்கும். ஒவ்வொரு விரலுக்கும் தகப்பன்காரன் துள்ளித் துள்ளி எழும்புவான். பார்த்துக்கொண்டிருந்த ஐயா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தனியாக நின்று சிரித்தார். நான் கண்டேன்.

அன்றிலிருந்து அவருக்கு மேடை பிடித்துக் கொடுப்பவன் நான். ஒவ்வொரு தடவையும் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். ஒரு தடவையும் சிரித்ததில்லை. அவருக்கு அது ஒரு தீராத குறை.

"சச்சி, ஊரெல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கு. நீ மட்டும் செத்த மீன்மாதிரிப் பாக்கிறாய். எனக்கு ஒரு சிரிப்புத் தரவேணும் நீ. எழுதி வை."

"சரக்கு என்ரை கையில இருக்கேக்கை நான் சிரிக்கிறதில்லை அண்ணை."

"நான் சரக்கோடா?"

"பன்னிரண்டு டொலர்ச் சரக்கு."

அவருக்குப் பகிடி பிடித்தது அதற்கும் முந்தி, ஒரு விபத்தாக. பாஷையூர்க் கோயிலில் பெரிய வெள்ளிக்கு முன் யேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கு நடக்கும். பதினேழு வயது நீக்கிலாசுக்கு ரோமப் போர்வீரன் வேடம். அவருடைய தமையன் அகஸ்ரின் ஒரு பிஸ்கட் தகரத்தை வெட்டித் தலைக்கவசம் செய்து கொடுத்தார். அளவு பெரிது. யேசுவைச் சிலுவையில் ஏற்றுகிற நேரம் போர்வீரன் வலப்பக்கம் திரும்ப, தலைக்கவசம் திரும்பவில்லை. முகம் போய் பிஸ்கட் படம் வந்தது. ஆயிரம் பேர் கல்வாரியில் வெடித்துச் சிரித்தார்கள். சுவாமியார் மூன்று வருடம் மேடைப் பக்கம் வரக்கூடாது என்று தடை போட்டார்.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, கடைசி வரிசையிலிருந்து ஒரு தனிச் சிரிப்பு வந்ததாம். அகஸ்ரின். அவர் கடலுக்குப் போகிறவர், தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்தவர், நல்ல மனுசன், ஆனால் எதையும் ஒரு கணம் பிந்தித்தான் விளங்கிக்கொள்வார். பிறகு தம்பி பெரிய ஆளாகி மண்டபங்களில் நடித்தபோதும் அப்படியே. சனம் சிரித்து முடியும், ஒரு மூச்சு இடைவெளி, பின்னாலிருந்து அகஸ்ரின் அண்ணையின் "ஹோ!" அதைக் கேட்டுச் சனம் இரண்டாம் தரம் சிரிக்கும். நீக்கிலாஸ் அண்ணை அந்த ஒரு மூச்சு இடத்தை எப்போதும் விட்டே வைப்பார். கனடாவுக்கு வந்த பிறகும் விட்டார். இங்கே அந்த இடத்தில் ஒரு சத்தமும் வராது. வானொலியில் விமர்சனம் சொல்கிற ஒரு புத்திசாலி, "தம்பையாவின் வேகம் குறைந்துவிட்டது" என்றான்.

வேகம் குறைந்ததும் உண்மைதான். அறுபது வயது. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை. போக இரண்டு பஸ், ஒரு சப்வே, வர அதே. எட்டு மணித்தியாலம் நின்ற கால்கள் வீட்டுக்கு வந்தால் சப்பாத்துக்குள் இருந்து வெளியே வர மறுக்கும். யூஜினி அக்கா, அவருடைய மனுசி, வெந்நீர்ப் பேசினோடு கதவடியில் நிற்பார். அந்தக் கால்களோடுதான் சனிக்கிழமைகளில் பிறந்தநாள் வீடு, பூப்புனித நீராட்டு, அரங்கேற்றம் என்று போய்ச் சிரிக்க வைத்தார். ஊரில் அவர் படத்தை வெட்டிப் பேர்சில் வைத்திருந்தவர்கள் இங்கே வேலைத்தலத்தில் அவரைக் கண்டு, "தம்பையா அண்ணையோ? நீங்களோ தட்டு அடுக்கிறியள்?" என்று கேட்பார்கள். "ஓம், பிளேனுக்குச் சீதனம் அடுக்கிறன்" என்பார். அதுவும் தேய்ந்து போன பகிடி.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்து நடந்தது. அதற்குப் பிறகு இங்கே ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மார்கழியில் நாங்கள் வைத்த நிகழ்ச்சியில் சனம் வந்தது, இருந்தது, பார்த்தது, ரோல்ஸ் சாப்பிட்டது, போனது. நீக்கிலாஸ் அண்ணை கடைக்கு வந்து மிளகாய் மூடையில் இருந்தார்.

"சனத்தில பிழையில்லை சச்சி. ரண்டு வேலை செய்யுதுகள். ஊரில ஆர் எங்கை கிடக்கினமெண்டு தெரியாது. பிள்ளையளுக்குச் சீதனமெண்டால் என்னெண்டு விளங்காது. நான் ஆருக்கு விரல் மடக்கிறது?"

"பங்குனிக்கு மண்டபம் புக் பண்ணியாச்சு அண்ணை."

"செய்வம். ஆனா அதுதான் முடிவு. அண்டைக்குச் சனம் மனமாரச் சிரிச்சுதெண்டால் இன்னும் கொஞ்சக் காலம் நிப்பன். சிரிக்காட்டி விட்டிடுவன். மகள் றஜிதா அஜக்ஸில பேஸ்மென்ட் கட்டி வைச்சுக்கொண்டு வா வாவெண்டு கூப்பிடுறாள். போய்ப் பேரப்பிள்ளையளுக்குப் பால் காய்ச்சிறன்."

சொல்லிவிட்டு மூடையிலிருந்து எழும்ப இரண்டு தரம் முயன்றார். மூன்றாம் தரம் நான் கை கொடுத்தேன்.

அந்தப் பங்குனி ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கடை போன் அடித்தது. கொழும்பிலிருந்து ஜெனாட், அகஸ்ரின் அண்ணையின் மகன். ஊருக்கு எழுதும் கடிதங்களில் நீக்கிலாஸ் அண்ணை என் கடை நம்பரைத்தான் கொடுத்திருந்தார். வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவார்கள். கடை எப்போதும் திறந்திருக்கும்.

"சித்தப்பா நிக்கிறாரோ அங்கிள்?"

"இல்லைத் தம்பி. மண்டபத்துக்குப் போயிட்டார். என்ன விசயம்?"

பெடியன் சொன்னான். அகஸ்ரின் அண்ணை சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட அகதி முகாமில் நெஞ்சு நோவில் செத்துப்போனார். மாசி பதின்மூன்றாம் திகதி. அடக்கம் அங்கேயே நடந்தது. கடிதம் ஒருவர் கைமாறி ஒருவரிடம் வந்து இன்றைக்குத்தான் கொழும்பு சேர்ந்தது.

செய்தி முப்பத்துமூன்று நாள் பழசு. போனை வைத்துவிட்டு எனக்கு முதலில் வந்த யோசனை அதுதான், பொய் சொல்ல மாட்டேன். முப்பத்துமூன்று நாள் இருந்த செய்திக்கு இன்னும் எட்டு மணித்தியாலம் இருந்தால் என்ன கெட்டுப்போகும்? இரண்டரைக்கு நிகழ்ச்சி. ஐந்துக்கு முடிந்துவிடும்.

யூஜினி அக்காவுக்கு எடுத்தேன். பூசைக்குப் போய் வந்து சீலைகூட மாற்றவில்லை என்றார். விசயத்தைச் சொன்னதும் அழுதார். அழுது முடித்துவிட்டு அவரே சொன்னார்.

"தம்பி, இப்ப சொல்லாதையுங்கோ."

"அக்கா..."

"மூண்டு மாசமா மனுசன் கண்ணாடிக்கு முன்னால நிண்டு பழகுது. இண்டைக்குச் சொன்னால் மேடையில ஏறாது. ஏறாட்டி இனி ஒருநாளும் ஏறாது. முடியட்டும். முடிஞ்சாப் பிறகு நானே சொல்லுறன். நீங்கள் வாயைத் திறவாதையுங்கோ."

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரேயொருவரிடம் மட்டும் திறந்தேன். பாலேஸ்வரி அக்கா எங்கள் நிகழ்ச்சிகளில் ரோல்சும் தேத்தண்ணியும் விற்பவர். அவருடைய மச்சான் கொழும்பில் ஜெனாட் இருக்கிற அதே லொட்ஜில் இருந்தார். செய்தி அந்த வழியால் அவருக்கு வந்து, அவர் மேடைக்குப் பின்னால் போய் ஒப்பாரி வைத்தால் எல்லாம் போச்சு. முந்திக்கொண்டு நானே சொல்லி, "அக்கா, ஒருத்தருக்கும் சொல்லப்படாது" என்றேன்.

"எனக்கேன் தம்பி ஊர்க் கதை," என்றார்.

அவர் ஊருக்குச் சொல்லவில்லை. ரோல்ஸ் வாங்க வந்தவர்களுக்கு மட்டும் சொன்னார். வந்த சனம் நானூற்று எண்பத்திரண்டு. ரோல்ஸ் அறுநூறு போயிருந்தது.

நான் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டு நிற்கையில் ஒருவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். "கவலையான விசயம்" என்று காதுக்குள் சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பன்னிரண்டு டொலரை நீட்டினார். ஒரு மனுசி தன் மூன்று பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, "அந்த அங்கிள் என்ன சொன்னாலும் laugh பண்ண வேணும், சரியே?" என்று வகுப்பெடுத்தார். மூத்தவன், "But what if it's not funny?" என்றான். "அதுக்குத்தான் சொல்லுறன்" என்றார் தாய்.

அப்போதே எனக்கு விளங்கியது. ஆனால் நானூற்று எண்பத்திரண்டு பேரை வாசலில் நிறுத்தி, தயவு செய்து சாதாரணமாகச் சிரியுங்கள் என்று எப்படிச் சொல்வது?

திரை திறந்தது. தம்பையா வந்தார். ஒன்றும் சொல்லவில்லை, நடந்து வந்தார், அவ்வளவுதான். மண்டபம் எழும்பி நின்று கை தட்டியது. இருபது டொலர்க்காரர்களும் தட்டினார்கள். குடையைக் கக்கத்தில் மாற்றினார்; சிரிப்பு. தொண்டையைச் செருமினார், சிரிப்பு.

முதலில் அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பத்து வயது குறைந்தது போல நின்றார். அந்த ஐந்து நிமிடம் அவருக்குக் கிடைத்ததில் எனக்கு இன்றைக்கும் சந்தோசம்தான்.

பிறகு அவர் ஒரு கதையைத் தொடங்கினார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன கதை. பகிடி கடைசி வரியில்தான் இருக்கிறது. அதற்கு முன் நாலு வரி சும்மா வழி. சனம் முதலாம் வரிக்கே விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டாம் வரிக்கும் சிரித்தது. அவர் மூன்றாம் வரியில் நின்றார். கண்ணைச் சுருக்கி மண்டபத்தைப் பார்த்தார். கள்ள நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பார்வை அது. நான் எங்கள் கிட்டங்கியில் நூறு தரம் கண்டிருக்கிறேன்.

குடையை நிலத்தில் ஊன்றினார். மிகவும் சாதாரணமாகச் சொன்னார்:

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை."

மண்டபம் அதிர்ந்தது.

"நாளைக்குத் திங்கட்கிழமை."

நடுவரிசையில் ஒருவர் கண்ணீரைத் துடைத்தார். அது எந்தக் கண்ணீர் என்று எனக்குத் தெரியும்.

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அங்கே பாடசாலைக்காரர் ஒட்டியிருந்த அறிவித்தலை எழுத்துக்கூட்டி ஆங்கிலத்தில் வாசித்தார். தீப்பிடித்தால் எந்தக் கதவால் போகவேண்டும் என்பது. அதற்கும் சிரித்தார்கள். அந்த மூன்று பிள்ளைகளும் தாயைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

முதற்பாதியை அவர் எப்படியோ முடித்தார். கைதட்டல் ஓயுமுன் உள்ளே வந்தார்.

எங்களுக்குத் தந்தது பாண்ட் வாத்தியங்கள் வைக்கிற அறை. பெரிய மேளமொன்றின் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, ஒரு சப்பாத்தைக் கழற்றிக் காலைப் பிசைந்துகொண்டு கேட்டார்.

"சச்சி, உண்மையைச் சொல்லு. எத்தினை பேர் ஓசி?"

தப்புகிற வழியை அவரே திறந்து விட்டார். நான் பாய்ந்து நுழைந்தேன்.

"ஒரு இருநூறு பேர் இருக்கும் அண்ணை. மண்டபம் காலியாக் கிடக்கக் கூடாதெண்டு டிக்கெட்டைச் சும்மா குடுத்தனான்."

"பொய்."

"ஏன் அண்ணை?"

"ஓசியில வந்தவன் சிரிக்கமாட்டான். கதிரை சரியில்லை, மைக் சரியில்லையெண்டு குறை பிடிச்சுக்கொண்டிருப்பான். காசு குடுத்தவன்தான் குடுத்த காசுக்குச் சிரிப்பான். ஆனா இண்டைக்குச் சிரிச்சமாதிரி அவனும் சிரிக்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமையெண்டன். ஒரு மனுசி பக்கத்தில இருந்தவளின்ரை தோளில அடிச்சு அடிச்சுச் சிரிக்குது."

நான் மேளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு வருத்தமெண்டு கதை கட்டிவிட்டனியே? கான்சர் கீன்சர்?"

"சீச்சீ."

"அப்ப வேறை ஏதோ." சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "சச்சி, நான் முப்பது வருசத்துக்கு மேல உந்தச் சனத்துக்கு முன்னால நிக்கிறன். உதுகள் ஒரு கோயில் நிர்வாகத்தில ஒருமிச்சு நிண்டதில்லை. ஒரு சங்கம் மூண்டாகாமல் இருந்ததில்லை. சினோ கொட்டிப் பனிக்கை புதைஞ்ச காரைத் தள்ள வந்தால், ஆர் தலைமை தாங்கிறதெண்டு சண்டை பிடிப்பினம். இண்டைக்கு நானூற்றுச் சொச்சப் பேர், ஒரே நேரத்தில, ஒரே சுருதியில எனக்கு நல்லது செய்யினம். உது எங்கட சனம் செய்யிற வேலையில்லை. எங்கட சனம் ஒருமிக்கிறது ஒரேயொரு இடத்தில. செத்தவீட்டில."

சப்பாத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, முழுத் தம்பையாவாக, கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தார்.

"ஆர் செத்தது சச்சி? நானோ?"

நான் சிரித்தேன்.

அடக்கப் பார்த்தேன். கன்னத்தை உள்ளே கடித்தேன். முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் உள்ளே வைத்திருந்தது மூக்காலும் வாயாலும் வந்தது. மேளத்தில் கையை ஊன்றிக்கொண்டு, அது டும் டும் என்று அடிக்க அடிக்கச் சிரித்தேன். அந்த நேரத்தில் சிரிக்கக் கூடாத ஒரே மனுசன் நான், சிரித்தவனும் நான்தான்.

"சிரிச்சிட்டாய்," என்றார். அப்படியொரு சந்தோசத்தை நான் அவருடைய முகத்தில் அதற்கு முன் கண்டதில்லை. "பாவி, இருபத்திரண்டு வருசம்! சிரிச்சிட்டாய்!"

பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்ற பின்னும் என் கண்ணிலிருந்து வந்துகொண்டிருந்ததைப் பார்த்தார்.

"நானில்லையெண்டால், ஆர்?"

"அகஸ்ரின் அண்ணை."

அவர் சப்பாத்தைக் கீழே வைத்தார். அதன் நாடாவை மெல்ல இழுத்து நேராக்கினார்.

"எப்ப?"

"மாசி பதின்மூண்டு. சாவகச்சேரியில. நெஞ்சு நோ. அடக்கம் நடந்திட்டுது. காலமைதான் ஜெனாட் எடுத்தவன்."

"யூஜினிக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"அவள்தான் சொல்லவேண்டாமெண்டவளோ?"

"ஓம் அண்ணை."

"நல்லவள்," என்றார்.

வெளியே இரண்டாம் பாதிக்கு மணி அடித்தது. அவர் சப்பாத்துக்குள் காலை விட்டார். வீங்கிய கால் உள்ளே போக மறுத்தது. நான் குனிந்து பிடித்தேன்.

"நான் போய் நிற்பாட்டிறன் அண்ணை. சனத்திட்டைச் சொல்லுறன், அவருக்குத் தெரிஞ்சிட்டுது, வீட்டை போங்கோவெண்டு."

"விசரே உனக்கு? நானூறு பேர் பல்லைக் கடிச்சுக்கொண்டு எனக்காண்டிச் சிரிக்கினம். தெரிஞ்சிட்டுதெண்டால் வெக்கப்படுவினம். கள்ளனைக் கையும் களவுமாப் பிடிச்சமாதிரி. பாவங்கள். செய்யிறதைச் செய்து முடிக்கட்டும்." எழும்பினார். "யூஜினியிட்டையும் சொல்லாதை. அவள் எனக்குச் சொல்லவேணுமெண்டு நெஞ்சுக்கை வைச்சுக்கொண்டு இருப்பாள். சொல்லட்டும்."

சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

இரண்டாம் பாதியை நான் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சனம் தெரிந்தும் தெரியாதவர்களாக இருந்தது. அவரும் தெரிந்தும் தெரியாதவராக இருந்தார். அவர் விரலை மடக்கினார், தகப்பன்காரன் துள்ளினான், மண்டபம் சிரித்தது. ஒரு பிழை இல்லை. ஒரு சொல் தடுமாறவில்லை. ஒன்று மட்டும் மாறியிருந்தது. ஒவ்வொரு பகிடிக்குப் பிறகும் அவர் விடுகிற அந்த ஒரு மூச்சு இடம். அன்று விடவில்லை. சனம் சிரித்து முடித்ததும் அடுத்ததற்குப் போனார். முக்கால் மணித்தியாலப் பாதி முப்பத்தெட்டு நிமிடத்தில் முடிந்தது. வானொலிப் புத்திசாலி வெளியே போகும்போது என்னிடம், "இண்டைக்கு நல்ல வேகம்" என்றான்.

திரை மூடியதும் யூஜினி அக்கா பின்னால் வந்தார். நான் கதவடியில் விலகி நின்றேன். அவர் கணவனின் கையைப் பிடித்து இருத்தி, தான் முழங்காலில் இருந்து, மெல்ல மெல்லச் சொன்னார். நீக்கிலாஸ் அண்ணை முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டார். "எப்ப?" என்றார். "எங்கை?" என்றார். அதன் பிறகு அழுதார். அதில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நிஜம் என்று தராசில் போட எனக்கு மனம் வரவில்லை.

சனம் வரிசையாக வந்து கை கொடுத்தது. பாலேஸ்வரி அக்கா அவரைக் கட்டிப்பிடித்து, "ஐயோ அண்ணை, எங்களுக்கும் இப்பதான் தெரியும்" என்று அழுதார். "ஓமோம்" என்று அவர் முதுகைத் தடவிவிட்டார் நீக்கிலாஸ் அண்ணை.

அவர்களை என் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஷெப்பர்ட்டால் வந்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. வீதியோரத்தில் பழைய சினோ கறுத்துக் கிடந்தது. பின்சீற்றில் யூஜினி அக்கா கண்ணை மூடிச் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார். முன்னுக்கு இவர், கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல்.

மூன்று சிக்னல் தாண்டியபின் சொன்னார். "விடுறன் சச்சி."

"ஏன் அண்ணை? சனம் சிரிச்சால் நிப்பனெண்டுதானே சொன்னனீங்கள்."

"சிரிச்சினம். அதுதான். இனி ஆர் சிரிச்சாலும், ஆர் செத்ததெண்டு யோசிப்பன். அந்த யோசினையோட பகிடி விடேலாது." குனிந்து சப்பாத்தின் நாடாவை அவிழ்த்துவிட்டார். "களைச்சுப்போச்சு."

கியரில் இருந்த என் கையின் மேல் அவருடைய சால்வை வந்து விழுந்தது. அதற்குள் அவருடைய கை என் கையைத் தேடியது. ஒரு விரலைப் பிடித்தது. ஒன்று. முழு விரல். முகத்தில் ஒன்றும் காட்டாமல் நேரே வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னல் பச்சையான பிறகும் விடவில்லை. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

ஆனியில் அஜக்ஸுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அவர் மேடையேறவில்லை. கேட்டுப் போனவர்களை எல்லாம் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். நான் கேட்டுப் போகவில்லை. கறுப்புக் கோட்டு என் கடைப் பின்னறையில் ஆணியில் தொங்குகிறது. விலை கேட்டவர்கள் உண்டு.

ஐயா பழக்கிய பழக்கம், கணக்கை முடிக்காமல் புத்தகத்தை மூடுவதில்லை. முடித்துப் பார்த்தேன். அன்றைக்கு வந்தவர்கள் நானூற்று எண்பத்திரண்டு. முதற்பாதிச் சிரிப்பு செல்லாது. இரண்டாம் பாதிச் சிரிப்பும் செல்லாது. ஆனால் வாங்கியவர் தெரிந்தே வாங்கினார், அதனால் வழக்கில்லை. மேளத்துக்குப் பக்கத்தில் வந்த என் சிரிப்பு ஒன்று செல்லும்; அந்த முழு விரல் அதற்குத்தான். யாழ்ப்பாணத்தில் இருபத்தாறு மேடை, ரொறொன்ரோவில் பதினைந்து. ஆக நாற்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் நான் கன்னத்தைக் கடித்துக்கொண்டு நின்றவன். அதை அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை. மேடைக்கு ஒரு சிரிப்பு என்று குறைத்தே போட்டிருக்கிறேன். கொடுத்தது ஒன்று. நிலுவை நாற்பது.